தீபிகா ஒன்றும் சொல்லவில்லை

— மாப்ள, சின்னப் பொண்ணு அது. ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கு இன்னா வெவரம் தெரியும், சொல்லு. ஏதோ வாய் தவறிச் சொல்லிடுச்சு. நீ பெரிய மனசு பண்ணி அந்தப் புகார வாபஸ் வாங்கிடுப்பா.

— மாப்ளன்னு கூப்பிடாதீங்க ஐயா. நாலு பேரு வந்து போற கடை இது.

— வாய் பழகிப் போச்சு. பூ வெச்ச நாள்லேர்ந்து அப்படியே கூப்ட்டு... சரி வுடு. அரிகரன் தம்பின்னே சொல்றேன்.

— உக்காருங்க. அந்த யூரியா மூட்ட மேல வேணாம், வேட்டி பாழாயிடும். ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. பாகூர்லேர்ந்து பஸ்ஸுலயா வந்தீங்க?

— பஸ்ஸுதான். கரும்புக்குத் தண்ணி கட்டணும், போட்டது போட்டபடி வந்துட்டேன். வில்லியனூர்ல எறங்கனதும் காலு தன்னால உங்க வூட்டுத் தெருவுக்குத் திரும்பிச்சு. அப்புறம், எந்த மூஞ்ச வெச்சினு போறதுன்னு இங்க வந்துட்டேன்.

— வீட்டுக்குப் போகாததே நல்லது. அம்மா படுத்திருக்காங்க. சொல்லுங்க, ஆதிமூலம் ஐயா. என்ன புகாரு? நான் என்ன பண்ணணும்?

— உனுக்குத் தெரியாததா? சரி, என் வாயால கேக்கணும்னு நெனைக்கிற, கேட்டுக்க. எங்க ஊரு ஸ்கூலுக்கும் மூலக்குளம் தாண்டி கீற அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஏற்பாடு. டை-அப்புன்னுவாரு மணவாளன் வாத்தியாரு. பசங்க வாரத்துல ரெண்டு நாளு ஆஸ்பத்திரிக்குப் போயி வேல கத்துக்கணும். ப்ளஸ் டூ முடிச்சதும் அவங்களே டிப்ளமோ படிக்க வெச்சி, லேப்புலயோ எக்ஸ்ரேலயோ வேலைக்கு எடுத்துப்பாங்க. எங்க சின்னவ தீபிகா லேப்புக்குப் போவுது. போயினு இருந்துது. இப்ப வரவேணாம்னுட்டாங்க. அது மட்டும் இல்ல, கூடப் போற புள்ளைங்க அத்தனயும் நிறுத்தி வெச்சிருக்காங்க.

— எதுக்குன்னு சொன்னாங்க?

— உள்ள பாத்தது வெளிய போயிடுச்சாம். வாத்தியாரு வூட்டுக்கே வந்துட்டாரு பாவம். 'பார்ட்டி கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்க போலருக்கு, அவங்களப் பாத்து ஒரு வார்த்த பேசுங்க'ன்னாரு. பார்ட்டின்னா நீதான? அந்த டை-அப்ப வாங்கறதுக்கு அந்த மனுஷன் எத்தன நட நடந்திருப்பாரு. வயக்காட்டுல களை எடுக்கப் போற பொண்ணுங்க வெள்ளக் கோட்டு போட்டுனு பஸ் ஏறுதுன்னா சும்மாவா? தல கவுந்து உக்காந்திருந்தாரு. ஒரு காபி குடிக்கல.

— தீபிகா?

— அது ஸ்கூலுக்கும் போவல. ஒரு பேச்சு இல்ல. சோறு போட்டா துன்னுது, கூப்ட்டா வருது. முன்னல்லாம் சாயந்திரமானா எங்கைய நீட்டச் சொல்லி ஒரு ரப்பர் கயித்தக் கட்டிட்டு நரம்பு தேடும். 'உனுக்கு நல்ல நரம்புப்பா, கண்ண மூடினு கண்டுபுடிக்கலாம்'னும். நானும் நீட்டினு உக்காந்திருப்பேன். இப்ப நானே கைய நீட்டினேன், 'தேடுடி'ன்னு. எழுந்து உள்ள பூடுச்சு.

— ம்.

— அதான் தம்பி சொல்றேன். நீ போயி, 'தெரியாம நடந்துபோச்சு, அந்தப் பொண்ண சேத்துக்குங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லு. பெரிய எடத்துப் புள்ள, நீ சொன்னா கேப்பாங்க. குழந்த வாய் தவறிச் சொன்னதுக்கு அதோட பொழப்பயே எடுத்துடலாமா?

— வாய் தவறி என்ன சொல்லிச்சு?

— அதான்பா. உனுக்குக் கிட்னில கோளாறுன்னு.

— கிட்னின்னு சொல்லிச்சா, கோளாறுன்னு சொல்லிச்சா?

— இன்னாப்பா, வக்கீலாட்டம் கேக்கற. அந்த மாதிரிதான் சொல்லிச்சு.

— எந்த மாதிரி? நான் கோவத்துல கேக்கல ஐயா. அது சொன்ன வார்த்தய அப்படியே சொல்லுங்க. போயி பேசணும்னா எனக்குத் தெரியணும் இல்ல.

— வார்த்தயெல்லாம் யாரு ஞாபகம் வெச்சினு கீறாங்க. இத்தன களேபரத்துல...

— அரி, காம்ப்ளெக்ஸ் உரம் ஒரு மூட்ட போடு.

— வாங்க வீரப்பண்ணே. வண்டிய இப்படித் திருப்பிப் போடுங்க, நானே வெக்கறேன்.

— யப்பா, நீ கைய வெக்காத. நவுரு நவுரு. நான் தூக்கிக்கிறேன்.

— ஒரு மூட்டதானண்ணே.

— சொன்னா கேளு. உடம்பு இப்ப எப்படி கீது? காலு வீங்குதா? எங்க வூட்டுக்காரி சொன்னா, நெருஞ்சி முள்ள கஷாயம் வெச்சி வெறும் வயித்துல குடிச்சா எப்பேர்ப்பட்ட கிட்னியும் ஒழுங்குக்கு வந்துடுமாம். திருவாண்டார்கோயில்ல எங்க நெலத்து வரப்புல மண்டிக் கெடக்குது. பறிச்சாந்து தரட்டா?

— வேணாம்ணே. நல்லாத்தான் இருக்கேன்.

— வெக்கப்படாத. நோவு யாருக்குத்தான் வரல. பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. தங்கமான புள்ள. யாரோ பாகூர் பக்கத்து ஆளுங்களாம், பூ வெச்சிட்டுக் கழட்டி வுட்டுட்டானுங்க. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்களாமே, இன்னும் ரொம்ப நாளு தாங்காதுன்னு.

— அப்படி யாருப்பா சொன்னது? ரொம்ப நாளு தாங்காதுன்னு யாரும் சொல்லலியே.

— ஊரே சொல்லுது. நீங்க எந்த ஊரு?

— நானா? நானு... கரிக்கலாம்பாக்கம்.

— அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சரி, வரேன் அரி. மாத்திரய நேரத்துக்குப் போட்டுக்க. கனமா எதுவும் தூக்காத.

— சரிண்ணே. பாத்துப் போங்க.

— அந்த ஆளு போயிட்டாரா?

— கரிக்கலாம்பாக்கத்துக்கு எப்ப குடி போனீங்க?

— குத்தாத தம்பி. வாய்ல அதான் வந்துது.

— தெனம் இப்படித்தான். மூட்டயத் தொட வுட மாட்டேங்கறாங்க. டீக்கடைல எனக்கு மட்டும் உப்பு போட்ட பிஸ்கட் தர மாட்டேங்கறான், உடம்புக்கு ஆகாதுன்னு. சிரிக்கறதா அழறதா தெரியல. விடுங்க. தீபிகா என்ன சொல்லிச்சுன்னு கேட்டேன்.

— சொல்றேன். நான் அந்த ஆளுகிட்டயே வாயத் தொறந்திருக்கணும். நான்தான் அந்த பாகூரு ஆளுன்னு சொல்லியிருக்கணும். முடியல.

— மேல சொல்லுங்க.

— எங்க ஊர்ல இப்ப ஒரு பழக்கம் வந்துகீது தம்பி. இந்தப் புள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போவ ஆரம்பிச்சதுலேர்ந்துதான். எவன் வூட்ல சம்பந்தம் பேசினாலும், ஜாதகம் பாத்த கையோட இந்தப் பசங்களக் கூப்ட்டு வெச்சி, 'ஏம்மா, இன்னார் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாரா, ரத்தம் குடுத்தாரா, சுகரு கிகரு கீதா'ன்னு கேக்கறது. பொண்ணு வூட்டுக்காரனும் கேப்பான், புள்ள வூட்டுக்காரனும் கேப்பான். இந்தப் பொண்ணுங்க இதுக்கு பயந்தே சந்து வழியா வூட்டுக்கு வருங்க.

— அதுங்க சொல்லுமா?

— எங்க சொல்லும்? மணவாளன் வாத்தியாரு சத்தியம் வாங்காத கொறதான். 'உள்ள பாத்தத ஆஸ்பத்திரி கேட்டுலயே வுட்டுட்டு வரணும்'னு மொத நாளே சொல்லிட்டாராம். தீபிகாகிட்ட யாரு கேட்டாலும் ஒரே பாட்டுதான். 'யாரப் பத்திக் கேட்டாலும் நான் சொல்லக் கூடாது அத்த', 'சொல்லக் கூடாது பெரிம்மா'. சிரிச்சினே சொல்லும். அவங்களும் சிரிச்சினே பூடுவாங்க.

— நீங்க எப்ப கேட்டீங்க?

— பூ வெச்சிட்டு வந்த அடுத்த வாரம். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்பா. மனசுல ஒரு சந்தேகமும் இல்ல. நீ எங்க, ஆஸ்பத்திரி எங்க. அது சாப்ட்டுகினு இருந்துது. 'ஏண்டி, அரிகரன் மாப்ள உங்க ஆஸ்பத்திரிக்கு எப்பனா வந்துகீறாரா'ன்னேன். வழக்கம்போல சிரிச்சினு சொல்லும், நானும் நாலு கிண்டல் பண்ணலாம்னு பாத்தேன்.

— என்ன சொல்லிச்சு?

— 'யாரப் பத்திக் கேட்டாலும் நான் சொல்லக் கூடாதுப்பா.' அதேதான். ஒரு வார்த்த கூடல, கொறையல.

— அப்ப எப்பவும் சொல்றதத்தான சொல்லியிருக்கு.

— ஆனா சிரிக்கல தம்பி. அன்னிக்கு சிரிக்கல. சோத்துல வெச்ச கை வெச்சபடியே நின்னுபோச்சு. 'இன்னாடி'ன்னேன். 'ஒண்ணும் இல்லப்பா'ன்னுச்சு. 'ஒண்ணும் இல்லன்னா, அவரு நல்லாகீறாருன்னு மூலநாதர் மேல சத்தியம் பண்ணு'ன்னேன். மாட்டேன்னுடுச்சு. 'உங்கக்கா வாழ்க்கடி இது'ன்னு கத்தினேன். அழுதுது. அழுதுதே கண்டி, வாயத் தொறக்கல. எங்க வூட்டுக்காரி கோகிலாம்பா கூட சொன்னா, 'அது சொல்லாதது நல்லதுக்குத்தான், புள்ள வூட்லயே நேராக் கேப்போம்'னு. நான் கேக்கல. பொழுது விடிஞ்சதும் தரகருக்கு போன் போட்டுட்டேன், சம்பந்தம் வேணாம்னு.

— ஆக, தீபிகா ஒண்ணும் சொல்லல.

— சொல்லல.

— கிட்னின்னு யாரு சொன்னது?

— தரகர்தான் வெவரம் கேக்கப் போயி, உன்ன அங்க கிட்னி வார்டு பக்கம் யாரோ பாத்ததா சொன்னாரு. ரெண்டயும் நானே முடிச்சிப் போட்டுட்டேன்.

— சரி. கட பூட்டுன மாதிரி எம்மூஞ்சில கதவ சாத்தனீங்க, அது உங்க இஷ்டம். அந்தப் பொண்ணு பேர எதுக்கு இழுத்தீங்க?

— பூ வெச்ச சம்பந்தத்த சும்மா வேணாம்னு சொல்ல முடியுமாப்பா? பங்காளிங்க கேக்கறான், மாமன் மச்சான் கேக்கறான். எம் பொண்ணு மூஞ்சப் பாத்தேன், நிறுத்திட்டேன்னு சொன்னா காறித் துப்புவாங்க. அத்தொட்டு, 'எங்க தீபிகாவே ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்து சொல்லிச்சு'ன்னுட்டேன். அது பேர சொன்னதும் ஒருத்தனும் மேல கேக்கல. ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னா பொய் சொல்லுமான்னு நம்பிட்டாங்க.

— இப்ப எங்கிட்டயும் அதத்தான் சொன்னீங்க. உள்ள நுழஞ்சதும் நுழயாததுமா, 'வாய் தவறிச் சொல்லிடுச்சு'ன்னு.

— ஆமா. சொல்லிச் சொல்லி எனக்கே அது நெஜமாப் போச்சு. நான் பொழச்சது வாழ்ந்தது எல்லாம் மண்ணுலதான் தம்பி, அடுத்தவன் கரும்ப வெட்டனது இல்ல நான். பெத்த பொண்ணு பேர வித்துட்டேன். வெக்கமா கீது.

— தண்ணி குடிங்க.

— வேணாம்.

— குடிங்க. நானும் ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்கு சுகருன்னு உங்ககிட்ட சொன்னோம் இல்ல?

— ஆமா, உங்கம்மா மெலிஞ்சிருக்காங்களேன்னு எங்க வூட்டுக்காரி கூட...

— சுகர் மட்டும் இல்ல. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்கு இட்டுனு போறேன். மிஷின்ல ரத்தத்த எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப ஏத்துவாங்க. அவங்களுக்கு ஒரு கிட்னி நான் குடுக்கறதா இருந்தேன். அதுக்கான டெஸ்ட்டுக்குத்தான் நான் அங்க ரத்தம் குடுத்தது.

— அப்ப உனுக்கு?

— எனக்கு ஒண்ணும் இல்ல. உடம்பு சுத்தமா இருந்தாத்தான் கிட்னிய எடுப்பாங்க. தல முடிலேர்ந்து கால் நகம் வரைக்கும் பாத்தாங்க. டாக்டரு சிரிச்சினே சொன்னாரு, 'உங்கள மாதிரி நல்ல உடம்பு பாத்து ரொம்ப நாளாச்சு'ன்னு.

— அய்யோ, தம்பி.

— விடுங்க.

— என்னான்னு வுடறது? இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? தரகர் கிட்டயாச்சும்?

— சொல்லியிருக்கணும். அம்மா தன் தலையில என் கைய வெச்சி சத்தியம் வாங்கிட்டாங்க. 'கிட்னி குடுக்கப் போறவனுக்கு எவன்டா பொண்ணு தருவான். தாலி கட்டு, அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் குடுத்துக்கலாம்'னாங்க. எனக்கும் அது சரின்னு பட்டுது. உங்க கிட்ட மறச்சோம். அது எங்க தப்புதான்.

— பெரியவ ஹேமலதாகிட்ட? நீங்கதான் போன்ல பேசிப்பீங்களே.

— அவங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கணும். திருபுவனைல கம்பெனி விட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது கூப்புடுவாங்க. பின்னால லாரி சத்தமாக் கேக்கும். 'கேக்கல, கேக்கல, திரும்பச் சொல்லுங்க'ம்பாங்க. ரெண்டு தடவ நாக்கு நுனி வரைக்கும் வந்துது. இந்த சத்தத்துல எதுக்கு, நேர்ல பாக்கும்போது சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். நேர்ல பாக்கற நாளு வரவே இல்ல.

— நான் இன்னிக்கே ஹேமாகிட்ட சொல்றேன். அதுக்கு உம் மேல வருத்தம் இல்ல தம்பி, எம் மேலதான். இப்ப வரைக்கும் எனுக்கு முதுகக் காட்டினுதான் சாப்புடுது. நான் போயி சொல்றேன்...

— வேற எடம் முடிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்.

— ஆமா. திண்டிவனம் பக்கம். போன வாரம் வெத்தல பாக்கு மாத்திட்டோம். அவசரப்பட்டுட்டேன், பேரு கெட்டுடுமேன்னு.

— அவங்களப் பத்தி தீபிகாவக் கேட்டீங்களா?

— அது வேற ஆஸ்பத்திரிப்பா.

— சிரிச்சதுக்கு மன்னிச்சிக்குங்க. சிரிப்புதான் வருது.

— சிரி தம்பி. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.

— ஹேமலதா என்ன சொன்னாங்க, இந்த எடத்துக்கு?

— 'உங்க இஷ்டம்'னுச்சு. அவ்ளோதான்.

— சரி. அப்ப அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க. இப்பப் போயி உண்மயச் சொல்லி என்ன ஆவப் போவுது. மனசு கெட்டுதான் போவும்.

— உங்கம்மா? ஆப்ரேஷன் எப்ப?

— இல்ல. ஊர்ப் பேச்சு அவங்க காதுக்குப் போச்சு. கோயிலுக்குப் போன எடத்துல ஒரு அம்மா கையப் புடிச்சினு துக்கம் கேட்டிருக்கு. 'உன் புள்ளைக்கு இந்த வயசுலயா இப்படி வரணும்'னு. அன்னிலேர்ந்து கிட்னி வேணாம்னு உக்காந்துட்டாங்க. 'எடுக்கறதுக்கு முன்னயே உன்ன நோயாளியாக்கி பொண்ண இல்லன்னுட்டாங்க, எடுத்துட்டா உன்ன யாருடா சீண்டுவா'ன்றாங்க. ஒரு வாரம் டயாலிசிஸுக்கே வரமாட்டேன்னு அடம். மூச்சு வாங்கி, மூஞ்சி வீங்கி, அப்புறம் தூக்கினு ஓடினேன். இப்ப வராங்க. ஆனா கிட்னிப் பேச்சு எடுத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாங்க. அவங்க சம்மதம் இல்லாம டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு.

— நான் வரேன். இப்பவே வரேன். அவங்க கால்ல வுழறேன். தப்பு எம்மேலதான், உம் புள்ள மேல ஒரு கொறையும் இல்லன்னு சொல்றேன்.

— சொல்வீங்க. அவங்க கேப்பாங்க, 'அப்ப பொண்ணக் குடு'ன்னு. என்ன சொல்வீங்க? அதுக்குத்தான் வீட்டுக்கு வரவேணாம்னு சொன்னேன்.

— ஒண்ணு கேக்கட்டா தம்பி? பெரியவளுக்கு நான் பண்ணினத இனிமே மாத்த முடியாது. உங்கம்மாவுக்கும் என்னால ஒண்ணும் ஆவாது போலருக்கு. சின்னவளயாவது வுட்டுக் குடுக்காம இருக்க வுடு. நான் இப்ப சொன்னத, அந்த ஆஸ்பத்திரில வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அது ஒரு வார்த்த பேசல, நான்தான் கதை கட்டினேன்னு சொல்றேன். நீ மட்டும் கூட வா. புகார எடுத்துக்கோ. போதும்.

— தீபிகாவ நான் அங்க பாத்திருக்கேன்.

— எங்க, லேப்புலயா?

— ம். ரத்தம் எடுக்கற மேசைக்குப் பக்கத்துல நின்னுனு, குழாய் மேல பேரு ஒட்டிக் குடுத்துனு இருந்துது. என்னப் பாத்துச்சு. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. பேரு கேட்டுது, வயசு கேட்டுது, ஒட்டிச்சு. அடுத்த ஆளக் கூப்டுச்சு. அம்மாடி, என்னா திமிருன்னு நெனச்சேன். வெளிய வந்து மாடிப்படிகிட்ட நிக்கறேன், பின்னாலயே ஓடி வந்துது. 'மாமா, உள்ள இருக்கும்போது உங்களத் தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க'ன்னுச்சு.

— அப்படியா சொல்லிச்சு?

— 'வீட்ல சொல்லிடாத'ன்னு நான் சொல்ல வந்தேன். சொல்றதுக்கு முன்னாடியே, 'நீங்க வந்தத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா, உடம்பப் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. எதுக்கு வந்தேன்னு கூட அதுக்குத் தெரியாது. எனக்கு ஏதோ பெரிய வியாதின்னு பயந்துபோயி இருந்திருக்கும். அப்பவே புடிச்சி நிறுத்தி, 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எங்கம்மாவுக்காக வந்தேன்'னு சொல்லியிருந்தா, அன்னிக்கி உங்ககிட்ட அது சிரிச்சினே பதில் சொல்லியிருக்கும். எனக்கு அது தோணவே இல்ல ஐயா. நல்ல பொண்ணுன்னு நெனச்சினு படி எறங்கிட்டேன்.

— நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் தம்பி அதப் படுகுழில தள்ளிட்டோம்.

— ஆமா.

— அப்ப வரியா? நாளைக்கி காலைல போவலாமா? நான் நேரா மூலக்குளம் வந்துடறேன்.

— வரேன். ஆனா வாபஸ் வாங்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

— இன்னா சொல்ற?

— நான் புகாரே குடுக்கல ஐயா.

— குடுக்கலியா? வாத்தியாரு சொன்னாரே, பார்ட்டிதான்னு.

— வாத்தியாருக்கு முழுசாத் தெரியாது. அவருகிட்ட ஆஸ்பத்திரில, வெளிய போயிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. அம்மாவ டயாலிசிஸுக்கு விட்டுட்டு உக்காந்திருந்தப்ப, லேப் மேடம் செல்வகுமாரி என்னத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டாங்க. புகாரு எழுதித் தரீங்களான்னாங்க. மாட்டேன்னுட்டேன். உங்களுக்கு இது எப்படித் தெரியும், எங்க ஊர்ப் பேச்சு உங்க வரைக்கும் யாரு கொண்டாந்தாங்கன்னு கேட்டேன். கண் கலங்கிட்டாங்க அந்த அம்மா.

— யாரு தம்பி? ஊர்ல எவன் போயி வத்தி வெச்சது? பேர மட்டும் சொல்லு.

— தீபிகாதான். 'வெளிய போனது என்னாலதான் மேடம், எங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல, அவரு சும்மாதான் கேட்டாரு, எனக்குத்தான் மூஞ்ச வெச்சிக்கத் தெரியல, மூஞ்ச வெச்சிக்கத் தெரியாத ஆளு இந்த வேலைக்கு ஆவாது, என்ன அனுப்பிடுங்க'ன்னு அதுவே போயி சொல்லியிருக்கு.